மலைப்பகுதி இணைப்பில் தரவுப் பரிமாற்றத்துக்கு நேரம் வகுப்பது எப்படி

நீலகிரியில் அலுவலகம், தேயிலைத் தொழிற்சாலை, பள்ளி, ஆய்வு நிலையம் என எதை நடத்தினாலும், கீழே சமவெளிக்குத் தரவு அனுப்பாமல் ஒரு நாளும் கழிவதில்லை. கணக்குப் பதிவுகள் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். காப்புப் பிரதிகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ உள்ள சர்வருக்குப் போக வேண்டும். சிசிடிவி பதிவுகள் எங்காவது பத்திரமாகச் சேர வேண்டும். இவை எல்லாம் ஒரே மெல்லிய இணைப்பில் ஒரே நேரத்தில் முண்டும்போது, லைன் ஸ்லோவாக இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டிவிடுகிறோம். எதை எப்போது அனுப்புவது என்று யாரும் முடிவு செய்யாததே பெரும்பாலான இடங்களில் உண்மையான குறை. அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்த முடிவைக் கணினியிடம் எப்படி ஒப்படைப்பது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

எந்த மணிக்குள் வேண்டும்?

வேலையைக் கணினியில் தொடங்காமல் தாளில் தொடங்குவது நல்லது. நாள்தோறும் வாரந்தோறும் போகிற ஒவ்வொரு தரவுக்கும் அது எது, அளவு எவ்வளவு, எங்கிருந்து எங்கே போகிறது, எந்த மணிக்குள் சேர வேண்டும், தாமதித்தால் என்ன நேரும் என்று எழுத வேண்டும். முதல் மூன்றும் எளிதில் கிடைக்கும். கடைசி இரண்டையும் அந்தக் கோப்பைப் பயன்படுத்துபவரிடம் நேரில் கேட்க வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். “எப்போது வேண்டும்?” என்றால் எல்லாரும் “உடனே” என்றுதான் சொல்வார்கள். “காலையில் எத்தனை மணிக்கு அதைத் திறப்பீங்க?” என்று கேட்டால், “பத்து மணிக்குள்ள இருந்தா போதும் சார்” என்ற பதில் வரும். இரவு 7 மணிக்கே அனுப்பியாக வேண்டும் என்று இருந்த ஒரு வேலைக்கு 15 மணி நேர அவகாசம் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

எடுத்துக்காட்டாக, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருப்பதாகக் கொள்வோம். அதன் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். பசுந்தேயிலை எடை போடும் மையங்களிலிருந்து வரும் அன்றைய பதிவு 5 மெகாபைட். விவசாயிகளின் கணக்கில் அன்றே ஏற வேண்டும் என்பதால் அது மாலையிலேயே தலைமை அலுவலகம் சேர வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்துக்கான சரக்கு விவரங்களும் ஆவணப் படங்களும் 300 மெகாபைட். ஏலத்துக்கு முந்தைய நாள் அலுவலக நேரம் முடிவதற்குள் போக வேண்டும். கணக்குத் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி 1.2 ஜிகாபைட், மறுநாள் காலைக்குள் போனால் போதும். சிசிடிவி பதிவுகளில் தேர்ந்தெடுத்த பகுதி வாரத்துக்கு 40 ஜிகாபைட். அதற்கு ஏழு நாள் அவகாசம் உண்டு.

இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட் என்பது 8 பிட். எனவே 20 மெகாபிட் என்பது விநாடிக்கு 2.5 மெகாபைட். பாக்கெட்டுகளின் (தரவு பிரிந்து போகும் சிறு பொட்டலங்களின்) தலைப்புப் பகுதி, மறு அனுப்பல், மற்றவர்களின் பயன்பாடு ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, விநாடிக்கு 2 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் எடைப் பதிவுக்கு இரண்டரை விநாடி, ஏல ஆவணங்களுக்கு இரண்டரை நிமிடம், காப்புப் பிரதிக்கு 10 நிமிடம், சிசிடிவி பதிவுகளுக்கு 20,000 விநாடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் தேவைப்படும். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்த இணைப்பு போதவில்லை என்று புகார் வந்தால், அது வரிசையைப் பற்றிய புகார்தான்.

வரிசை செய்யும் வேலை

இந்த நான்கையும் ஒரே நேரத்தில் அனுப்பக் காத்திருப்பதாகக் கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக அனுப்பினால், ஒரு கோப்பு போய்ச் சேர ஆகும் சராசரி நேரம் சுமார் ஒன்றரை மணி. பெரியதை முதலில் அனுப்பினால் அதே சராசரி சுமார் 5 மணி 42 நிமிடமாகிறது. கடைசிக் கோப்பு முடியும் நேரமோ இரண்டிலும் ஒன்றே. பர்லியார் வளைவுகளில் முன்னே ஏறும் சிமென்ட் லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் போல, இரண்டரை விநாடியில் போயிருக்க வேண்டிய எடைப் பதிவு, இரண்டாவது முறையில் சிசிடிவிக்குப் பின்னால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. நான்கையும் ஒரே சமயத்தில் தொடங்கிச் சம பங்கு கொடுத்தால் எடைப் பதிவுக்கு 10 விநாடிதான் ஆகும். ஆனால் தனியாக 10 நிமிடத்தில் போகக்கூடிய காப்புப் பிரதிக்கு இருபத்திரண்டரை நிமிடம் பிடிக்கும். இணைப்பு நடுவில் அறுந்தால், முடிந்த கோப்பு ஒன்றுக்குப் பதிலாகப் பாதியில் நிற்கும் கோப்புகள் பல மிஞ்சும்.

இந்த வகைக் கணக்குகளைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்காகவே முதலில் போட்டிருக்கிறார்கள். முடிக்க வேண்டிய நேரம் எதற்கு முதலில் வருகிறதோ அதை முதலில் செய்தால், எந்த வேலையும் தன் கெடுவைத் தாண்டும் அதிகபட்சத் தாமதம் மிகக் குறைவாக இருக்கும் என்று 1955இல் ஜாக்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அதன் முக்கியத்துவத்தால் வகுத்து, விடை சிறியதாக உள்ளதிலிருந்து தொடங்கினால் முக்கியத்துவத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தக் காத்திருப்பு மிகக் குறையும் என்று 1956இல் ஸ்மித் என்ற ஆய்வாளர் காட்டினார். நடைமுறையில் இரண்டையும் இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்: கெடு உள்ளவற்றைக் கெடுவின்படி வரிசைப்படுத்த வேண்டும், கெடு இல்லாதவற்றைச் சிறியது முதல் பெரியது என்று அதற்குப் பின்னால் வைக்க வேண்டும், மிகப் பெரியதைத் துண்டுகளாக்கி, மற்றவை இல்லாத நேரத்தில் மட்டும் விட வேண்டும். ஒரு ஜிகாபைட் துண்டுகளாக வெட்டினால், அவசரக் கோப்பு எதுவும் ஒரு துண்டு முடியும் நேரத்துக்கு மேல், அதாவது எட்டரை நிமிடத்துக்கு மேல், காத்திருக்க நேராது.

பெரிய பிணையங்களும் இதே பிரிவினையை நம்பியே நடக்கின்றன. தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 பிணையத்தைப் பற்றிக் கூகுள் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அதன் பல இணைப்புகள் கிட்டத்தட்ட முழு அளவில் பயன்படுவதாகச் சொல்கிறது. சாதாரணமாக நீண்டதூர இணைப்புகளில் பெரும் பகுதியை நெருக்கடிக்காகக் காலியாக விட்டுவைப்பார்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெரிய நகல்களைத் தனியே அடையாளம் கண்டு, நெருக்கடியில் அவற்றை மட்டும் பின்னுக்குத் தள்ளுவதால் பி4இல் அந்த இடமும் பயன்படுகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900களின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. அத்தகைய தொகுப்பு ஓர் இரவு பிந்திப் போனால் எவருக்கும் இழப்பில்லை. இப்போது சூரியனில் நடக்கும் ஒரு வெடிப்பைப் பற்றிய செய்தியோ நிமிடக் கணக்கில் போக வேண்டியது. ஒரே வகை நிறுவனத்தில் இந்த இரண்டும் பிறக்கக்கூடும் என்பதால், துறை வாரியாகவோ கணினி வாரியாகவோ பிரிப்பதைவிடக் கோப்பு வாரியாகப் பிரிப்பதே சரி.

இணைப்பை அளப்பது

வேகம் பார்க்கும் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது போதாது. அது அருகிலுள்ள சர்வரோடு, பல இழைகளை, அதாவது தனித்தனித் தொடர்புகளை, ஒரே நேரத்தில் ஓட்டி அளக்கிறது. உங்கள் கோப்போ தொலைவிலுள்ள சர்வருக்கு ஒற்றை இழையில் போகிறது. ஆகவே உங்கள் இரு முனைகளுக்கும் இடையிலேயே ஐபெர்ஃப் போன்ற கருவியால், பதிவேற்றத் திசையில், மணிக்கு ஒருமுறை சிறிது நேரம் அளந்து ஒரு வாரம் குறித்துவைக்க வேண்டும். அதோடு பிங் கட்டளையால் பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தையும் இழப்பு விகிதத்தையும் குறிக்க வேண்டும். சனி, ஞாயிறு அந்த வாரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கைபேசி டவரின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஏப்ரல், மே சீசனில், அதுவும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 4ஜி இணைப்பை நம்பியிருப்பவர்கள் ஜனவரியில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு மே மாதத்துக்கு நேரம் வகுக்கக் கூடாது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை 5 மணி வரைதான் அப்போது நம்பத் தக்க நேரம்.

ரேடியோ இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பனிமூட்டத்தால்தான் லைன் படுத்துவிடுகிறது என்று எல்லா எஸ்டேட்டிலும் சொல்கிறார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்குப் பனிமூட்டத்தால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. சில கிலோமீட்டர் தொலைவுக்கு மழையாலும் பெரிய இழப்பில்லை. 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இணைப்புகளைத்தான் மழை கடுமையாகப் பாதிக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நனைந்த இலை. தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் இரண்டு ஆண்டில் வளர்ந்து ஆண்டெனாவின் பார்வைக் கோட்டுக்குள் கிளையை நீட்டியிருக்கும்; வெயில் நாளில் அந்தக் கிளை வழியாகவே சமிக்ஞை சமாளித்துப் போகும்; மழையில் இலைகளில் நீர் நின்றதும் அதே கிளை அலையை உறிஞ்சிவிடும். மழை நின்று வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு வேகம் தானாகத் திரும்பினால், கூரை மேல் ஏறி எதிர் முனையை நோக்கிப் பார்க்க வேண்டும். கிளையைக் கழிப்பதுதான் அங்கே சரியான தீர்வு. எந்த நேர அட்டவணையும் அதற்கு ஈடாகாது.

நிறைந்ததாகத் தோன்றும் காலி இணைப்பு

இணைப்பு 20 மெகாபிட் இருந்தும் கோப்பு 2 மெகாபிட்டில்தான் போகிறது என்றால், காரணம் தொலைவிலோ இழப்பிலோ இருக்கும். இணையத்தில் தரவைத் தொலையாமல் சேர்க்கும் டிசிபி நெறிமுறையில் அனுப்புபவர், பெறுபவரின் ஒப்புதல் வரும் வரை ஓர் அளவுக்கு மேல் அனுப்பாமல் நிற்கிறார். அந்த அளவையே சாளரம் என்கிறோம். பழைய வடிவத்தில் சாளரம் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது; 1992இல்தான் அதைப் பெருக்கும் வழி சேர்க்கப்பட்டது. போய்த் திரும்ப 40 மில்லி விநாடி ஆகும் பாதையில் 64 கிலோபைட் சாளரம் கொடுக்கக்கூடிய உச்ச வேகம் 13 மெகாபிட். 250 மில்லி விநாடி ஆகும் வெளிநாட்டு சர்வர் என்றால் 2 மெகாபிட்தான். இன்றைய இயங்குதளங்கள் சாளரத்தைத் தாமே பெருக்கிக்கொள்கின்றன. ஆயினும் பழைய சிசிடிவி பெட்டிகளிலும், எவரும் புதுப்பிக்காத கோப்பு அனுப்பும் மென்பொருள்களிலும் இந்தத் தடை இன்னும் இருக்கக்கூடும். அங்கே கோப்பை நான்கு இழைகளாகப் பிரித்து அனுப்பினால் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இழப்பின் விளைவு இதைவிடக் கடுமையானது. டிசிபி ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது. தொலைந்ததற்குக் காரணம் நெரிசலா நனைந்த கிளையா என்று அதற்குத் தெரியாது. 1997இல் மாத்திஸும் அவருடைய கூட்டாளிகளும் தந்த சூத்திரத்தின்படி, வேகத்தின் உச்சவரம்பு, போய்த் திரும்பும் நேரத்துக்கும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலையும் மலை இணைப்பிலிருந்து 250 மில்லி விநாடித் தொலைவிலுள்ள சர்வருக்கு நேராக அனுப்பினால், 1,460 பைட் பாக்கெட்டுகளுக்கு ஓர் இழையின் உச்சவரம்பு சுமார் 0.57 மெகாபிட். அதே மலை இணைப்பிலிருந்து 15 மில்லி விநாடித் தொலைவில் கோயம்புத்தூரில் உள்ள ஒரு கணினிக்கு அனுப்பினால் உச்சவரம்பு சுமார் 9.5 மெகாபிட். கம்பியும் அதேதான், இழப்பும் அதேதான். இழப்பை ஈடுசெய்ய ஆகும் சுற்றுப் பயணம் மட்டுமே சுருங்கியிருக்கிறது.

ஆகவே தொலைதூர சர்வருக்கு அனுப்ப வேண்டியவற்றை முதலில் கோயம்புத்தூரில் உள்ள சொந்தக் கணினி ஒன்றில் இறக்கி, அங்கிருந்து சுத்தமான ஃபைபர் வழியாக அப்பால் அனுப்புவதே மலைப்பகுதிக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் ஏற்பாடு. இதனால் நேரமும் இரண்டாகப் பிரிகிறது: மலையிலிருந்து இரவில் இறங்கிய கோப்பு, கீழிருந்து பகலில் எந்த நேரத்திலும் போகலாம், மேலே மின்சாரம் போனாலும் கீழே வேலை நிற்பதில்லை. இடைநிலைக் கணினியின் வட்டை மறைகுறியாக்கம் செய்வது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது, இதன் நிபந்தனை. மேற்சொன்ன சூத்திரம் பழைய வகை டிசிபிக்கு உரியது. லினக்ஸ் இயங்குதளத்தில் இப்போது இயல்பாக உள்ள க்யூபிக் என்ற டிசிபி வகை சில பாதைகளில் அதைவிடச் சற்று நன்றாக இயங்கும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற வகை, இழப்பை மட்டும் கண்டு வேகத்தைக் குறைப்பதில்லை என்பதால், அனுப்பும் கணினி லினக்ஸாக இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். முயலும்போது அதே இணைப்பில் மற்றவர்களின் வேலை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நேரத்தைக் கணினியிடம் ஒப்படைத்தல்

லினக்ஸில், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் இதற்குப் போதும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து இடங்களில் “37 22 * * 1-5” என்று எழுதினால், திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 10:37க்கு வேலை தொடங்கும். 10:30 என்றோ 12:00 என்றோ எழுதாமல் 37 என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. உலகில் பாதிக் கணினிகள் முழு மணிக்குத்தான் விழித்துக்கொள்கின்றன. உங்கள் பத்து மையங்களும் ஒரே நிமிடத்தில் ஒரே சர்வரைத் தட்டினால் அந்த நெரிசலை நீங்களே உண்டாக்கியதாகும். மையத்துக்கு ஒரு நிமிடம் தள்ளி வையுங்கள். அல்லது லினக்ஸின் மற்றொரு நேரக் கருவியான சிஸ்டம்டி டைமரில் தற்செயல் தாமதத்தைச் சேர்த்துவிடுங்கள். கிரான், கணினி அணைந்திருந்த நேரத்து வேலையைத் தவறவிட்டுவிடும். மின்வெட்டு உள்ள இடத்தில், தவறிய வேலையைக் கணினி விழித்ததும் ஓட்டும் அனாக்ரானோ, அதே வசதியுள்ள சிஸ்டம்டி டைமரோ பொருத்தமானது.

கணினியின் நேர மண்டலத்தைக் கட்டாயம் பாருங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே இரவு 10:30 என்று எழுதினால் நமக்கு அது விடியற்காலை 4 மணி. காலை 6 மணிக்குள் முடிய வேண்டிய ஐந்து மணி நேர வேலை, அலுவலகம் திறந்த பின்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

தொடங்கும் நேரத்தைப் போலவே நிற்கும் நேரத்தையும் குறிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஓடலாம் என்று டைம்அவுட் கட்டளையில் கொடுத்து, காலை 6 மணிக்கு வேலையை நிறுத்தலாம். நேற்றைய பரிமாற்றம் முடியாமல் இருக்கும்போது இன்றையது தொடங்கி இரண்டும் ஒன்றையொன்று மெதுவாக்குவதை, எஃப்லாக் கொண்டு பூட்டுக் கோப்பு வைத்துத் தடுக்கலாம். வேகத்துக்கு வரம்பு வைக்கும்போது அலகைக் கவனிக்க வேண்டும்: கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் கருவியான ஆர்சிங்கின் வேக வரம்பு கிலோபைட் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதால், 8 மெகாபிட் வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,000 என்று கொடுக்க வேண்டும். ஆர்க்ளோன் என்ற கருவியில் வேக வரம்பையே நேர அட்டவணையாகக் கொடுக்கலாம்; பகலில் 2 மெகாபிட் அளவு, மாலை 7 மணிக்கு மேல் 10 மெகாபிட் அளவு, 11 மணிக்கு மேல் வரம்பில்லை என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். விண்டோஸில் பின்னணிப் பரிமாற்றச் சேவையான பிட்ஸ், மற்றவர்கள் பயன்படுத்தாத வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளது. கோப்புப் பகிர்வு மென்பொருளான பிட்டோரன்ட் பயன்படுத்தும், 2012இல் முறைப்படி வெளியான லெட்பேட் என்ற முறையும், பாதையில் தாமதம் கூடத் தொடங்கியதும் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

ரவுட்டரிலும் ஒரு வேலை செய்ய வேண்டும். மலிவான ரவுட்டர்கள் அளவுக்கு மீறிய பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்திவைப்பதால், ஒரு பெரிய பதிவேற்றம் நடக்கும்போது வீடியோ அழைப்பு முதல் பில் போடும் திரை வரை எல்லாம் தத்தளிக்கும். எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டரை வாங்கி, அதன் வேக எல்லையை அளந்த பதிவேற்ற வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு வைத்தால், வரிசை ரவுட்டருக்குள்ளேயே கட்டுப்படும். பாக்கெட்டில் குறைந்த முன்னுரிமைக் குறியிடுவது உங்கள் ரவுட்டர் வரையில் நன்கு பயன்படும். பொது இணையத்தில் அந்தக் குறியை யாரும் மதிப்பதாக நம்பி எதையும் திட்டமிடக் கூடாது.

அனுப்புவதைக் குறைத்தல்

அனுப்பாத பைட்டுக்கு நேரம் வகுக்க வேண்டியதில்லை. ட்ரிட்ஜெலும் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க், இரு முனைக் கோப்புகளையும் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். ஆனால் தரவுத்தளப் பிரதியைச் சுருக்கிவிட்டு ஆர்சிங்கிடம் கொடுத்தால் இந்தப் பயன் போய்விடும். தொடக்கத்தில் ஒரு பதிவு மாறினாலும் அதற்குப் பின் சுருக்கிய கோப்பு முழுவதும் மாறிவிடுகிறது. சுருக்காமல் கொடுத்து, சுருக்கும் வேலையைப் பரிமாற்றத்தின்போது ஆர்சிங்கையே செய்யவிடுங்கள். அல்லது சுருக்கும் கருவியான ஜிஸிப்பில் ஆர்சிங்குக்கு ஏற்ற சுருக்கத்துக்கென்று உள்ள விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஒளிப்படங்களும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் அவற்றை மீண்டும் சுருக்குவது மின்சாரச் செலவு மட்டுமே. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப் பயணம் வீணாகும். டார் கட்டளை கொண்டு ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

அறுந்தால் தொடர்வது

மலையில் எந்தப் பரிமாற்றமும் நடுவில் அறும் என்ற எண்ணத்தோடுதான் அமைக்க வேண்டும். காற்றில் கற்பூர மரம் மின்கம்பியில் சாய்வதும், மண் சரிவில் ஃபைபர் அறுவதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. ஆர்சிங்கில் பாதிக் கோப்பைக் காத்துவைக்கும் விருப்பத்தை இயக்கிவிட்டால், 900 மெகாபைட் போன பின் அறுந்த கோப்பு மீதியிலிருந்து தொடரும். பெறும் பக்கத்தில் கோப்பு தற்காலிகப் பெயரில் இறங்கி, முழுதும் வந்த பிறகே உண்மைப் பெயரைப் பெற வேண்டும்; இல்லாவிட்டால் காலையில் கணக்கர் பாதிக் கோப்பைத் திறந்து அதிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார். வந்த கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை அனுப்பிய கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பொருந்திய பிறகே மூலத்தை அழிக்க அனுமதிக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் இடம் கொடுக்கக் கூடாது.

மறு முயற்சிகளுக்கு இடைவெளி வேண்டும். 1, 2, 4, 8 நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போய் அரை மணியில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சில விநாடிகளைத் தற்செயலாகக் கூட்டியோ குறைத்தோ வைத்தால், மின்சாரம் திரும்பிய அதே நொடியில் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் பாய்வதைத் தவிர்க்கலாம். கணினிக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் நேரடி மின்சாரத்தில் விட்டுவைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அந்த இரண்டும் மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பவை. அவற்றை முதலில் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

இதை வைத்துச் சிசிடிவியின் 40 ஜிகாபைட்டுக்கு நேரம் வகுப்போம். இரவு 11 முதல் விடியற்காலை 5 வரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒரே இரவில் 43 ஜிகாபைட் போகும் என்று கணக்குச் சொல்கிறது. அதை நம்பி ஞாயிறு இரவு ஒன்றை மட்டும் ஒதுக்கினால், அந்த இரவில் மின்சாரம் போனால் வாரமே போய்விடும். இரவுக்கு 10 ஜிகாபைட் என்று வைத்தால் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தேவை. நான்கு இரவுகளில் முடியும். மூன்று இரவுகள் கையிருப்பாக நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கங்களிலும் மழை மிகும் என்பதால், அந்தந்த மாதங்களில் கையிருப்பை இன்னும் கூட்டிக்கொள்வது நல்லது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட்டால் ஏதேனும் ஒரு பக்கத்துக்கு அது எப்போதும் பொருந்தாது.

பேருந்தில் அனுப்ப வேண்டியவை

பழைய ஆவணங்கள் 2 டெராபைட் சேர்ந்துவிட்டன, அவற்றைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்றால், விநாடிக்கு 2 மெகாபைட் வீதம் பத்து லட்சம் விநாடி, அதாவது பதினொன்றரை நாள், இடைவிடாமல் ஓட வேண்டும். வெளிவட்டில் விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க ஐந்தரை மணி, ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பேருந்தில் நான்கு மணி என்று தாராளமாக வைத்தாலும், அங்கே மறுபடி இறக்க ஐந்தரை மணியோடு சேர்த்து 15 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வட்டை மறைகுறியாக்கி, சரிபார்ப்பு எண்களைத் தனியே மின்னஞ்சலில் அனுப்பி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். முதல் பிரதியை இப்படி இறக்கிய பின், அதற்கு மேல் வரும் மாற்றங்களை மட்டும் ஆர்சிங்க் இரவில் கொண்டுபோகும்.

அட்டவணையைத் திருத்துவது

ஒவ்வொரு பரிமாற்றமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போன அளவு, மறு முயற்சிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுத வேண்டும். திங்கள் காலையில் அதைத் திறந்து, கெடுவைத் தாண்டியது எது என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரே கோப்பு தொடர்ந்து தாண்டினால் அதன் அளவு வளர்ந்திருக்கும். ஒரே இரவில் பல தாண்டினால் இணைப்பில் குறை இருக்கும். முடிந்த நேரம் வாரந்தோறும் சற்றே பின்னுக்குப் போனால், கெடு தவறும் முன்பே அந்த வேலையை முன்கூட்டித் தொடங்க வைக்கலாம். ஒரு வேலை முடியவில்லை என்பதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை, முடிந்தது என்ற செய்தி வராததை வைத்தே எழ வேண்டும்: காலை 6 மணிக்குள் கோயம்புத்தூரிலிருந்து ‘முடிந்தது’ என்ற குறுஞ்செய்தி வராவிட்டால், மேலே கணினி அணைந்திருந்தாலும் இணைப்பே இல்லாமல் இருந்தாலும் கீழே உள்ள கணினியே பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், மழைக்கு முன்பாக, இணைப்பை மறுபடி ஒரு வாரம் அளந்து, கெடுக்களை அந்தந்தப் பிரிவினரிடம் மறுபடி கேட்டு, கிரான் வரிகளைப் புதிய அளவுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.